தரை ஷீட் ஒட்டும் முன் பசையைக் கேளுங்கள்



குழுவில் கடன் வாங்கி வீட்டைச் சீர் செய்யும் உறுப்பினர்கள் பலர் இப்போது சிமெண்ட் தரைக்கு மேல் வினைல் ஷீட் போடுகிறார்கள். டைல்ஸை விடச் செலவு குறைவு. ஒரே நாளில் வேலை முடிந்துவிடும், துடைப்பதும் சுலபம். அதைப் போடாதீர்கள் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. ஷீட்டின் நிறத்தையும் பூவையும் பார்த்துப் பார்த்து எடுக்கும் நாம், அதை எதை வைத்து ஒட்டுகிறார்கள் என்று கேட்பதே இல்லை. இந்தப் பாடம் அதைப் பற்றித்தான்.

பல இடங்களில் ஒட்டுவது டின்னில் வரும் மஞ்சள் பசை. கடையில் ‘சொல்யூஷன்’ என்பார்கள். செருப்பு ஒட்டும் இடத்தில் வருமே, அந்த நெடி. ரப்பரைக் கரைத்து வைப்பதற்காக அதில் டொலுவீன், ஹெக்சேன் போன்ற திரவங்களைச் சேர்க்கிறார்கள். பசை காய்கிறது என்றால், அந்தத் திரவம் ஆவியாகி நம் வீட்டுக் காற்றில் கலக்கிறது என்று அர்த்தம்.

“நெடிதானே அக்கா, ரெண்டு நாள்ல போயிடும்” என்று நம்மிடம் சொல்வார்கள். போகும்தான். ஆனால் அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகப் பரவும். நம் வீட்டில் தரையில் என்னென்ன இருக்கிறது? அடுப்பு இருக்கிறது, சாமி விளக்கு இருக்கிறது, தவழும் பிள்ளை இருக்கிறது. முன் அறையில் பசை தடவும்போது ஆவி ஊர்ந்து சமையல் கட்டு அடுப்பு வரை போய்த் தீப்பிடிக்கலாம். சுவிட்சில் வரும் சின்னப் பொறிகூடப் போதும்.

மூச்சில் போனால் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வரும். டொலுவீன் அதிகமாகப் போனால் கர்ப்பிணியின் வயிற்றுப் பிள்ளையையும் பாதிக்கும். முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டால் தூசி கொஞ்சம் நிற்கும், ஆவி நிற்காது.

ஒரு நாள் ஒட்டும் வீட்டுக்காரரை விட, தினமும் ஒட்டும் தொழிலாளிக்குத்தான் ஆபத்து அதிகம். ஜப்பானில் 1960களில் மியே என்ற மாவட்டத்தில், வீடுகளிலும் சிறு பட்டறைகளிலும் வினைல் செருப்பு ஒட்டியவர்களுக்குக் கைகால் மரத்துப் போனது, நடக்கவே பலம் இல்லாமல் போனது. காரணம் பசையில் இருந்த ஹெக்சேன். அது கைகால் நரம்பைக் கெடுக்கும். வேலையை விட்ட பிறகும் குணமாகப் பல மாதம், சிலருக்கு வருடக் கணக்கில்கூட ஆகும். நம் உறுப்பினர்களின் கணவரோ மகனோ இந்த வேலைக்குப் போனால், இந்தப் பகுதியை அவர்களுக்கு அவசியம் படித்துக் காட்டுங்கள்.

சரி, வேறு வழி என்ன? முதல் வழி, ஒட்டாமலே விரிப்பது. சின்ன அறைக்கு ஒரே துண்டாக ஷீட் கிடைத்தால் பசையே தேவையில்லை. சுருளைப் பிரித்து ஒரு நாள் வெளியில் நிழலில் போட்டு வையுங்கள். சுருட்டல் நிமிரும், புது ஷீட்டின் வாசனையும் கொஞ்சம் போகும். பிறகு வெட்டும்போது சுவர் ஓரத்தில் அரை சென்டிமீட்டர் இடம் விடுங்கள். வெயிலில் ஷீட் விரியும். இடம் இல்லாவிட்டால் நடுவில் உப்பிக்கொள்ளும். வாசற்படி ஓரத்திலும் இணைப்பிலும் மட்டும் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் போட்டால் போதும். கூலி கூடும் என்பதற்காக முழுத் தரையையும் ஒட்டியே ஆகவேண்டும் என்று சிலர் சொல்வதும் உண்டு!

பெரிய அறை, ஆட்கள் நிறைய நடக்கும் இடம் என்றால் தண்ணீர் கலந்த அக்ரிலிக் தரைப் பசை கேளுங்கள். பால் போல வெள்ளையாக இருக்கும், தீப்பிடிக்காது, நெடி மிகக் குறைவு. தச்சர் வைத்திருக்கும் மரப்பசையும் வெள்ளைதான், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஈரம் பட்டால் மரப்பசை விட்டுவிடும். டின்னில் தீ ஜுவாலை படம் இருந்தால் அது நாம் கேட்ட பசை இல்லை, திருப்பிக் கொடுங்கள். தண்ணீர்ப் பசை காய நேரம் எடுக்கும். அவசரப்படுகிற ஆளுக்கு அது பிடிக்காது. பணம் கொடுப்பது நாம், காத்திருக்கச் சொல்லலாம்.

எந்தப் பசையானாலும் ஓதம் அடிக்கும் தரையில் நிற்காது. ஒரு முழத் துண்டு பிளாஸ்டிக் தாளைத் தரையில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அடியில் நீர் முத்து கோத்திருந்தால் ஷீட் வேண்டாம். அந்தத் தரைக்கு ரெட் ஆக்சைடு பூசிய சிமெண்ட் தரையே மேல். நம் பாட்டி வீடுகளில் அது இன்னும் பளபளவென்று இருக்கிறது.

ஷீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது மிருதுவாக வளைய தாலேட் என்ற ரசாயனம் சேர்ப்பார்கள். அது மெல்ல வெளியேறி வீட்டுத் தூசியில் சேரும். குழந்தைகளின் பொம்மைகளில் சில வகைத் தாலேட்டுகளுக்கு ஐரோப்பிய யூனியன் 2005இலும் அமெரிக்கா 2008இலும் சட்டம் போட்டுக் கட்டுப்பாடு கொண்டுவந்தன. ‘தாலேட் இல்லாதது’ என்று எழுதிய ஷீட் கிடைத்தால் அதை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் தினமும் ஈரத்துணியால் துடைத்து, கைக்குழந்தையைக் கோரைப்பாயில் விடுங்கள்.

வெட்டிய மிச்சத் துண்டுகளை அடுப்பு பற்றவைக்கப் போடவே கூடாது. வினைல் எரிந்தால் கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும் அமில வாயுவும், டயாக்சின் என்ற விஷமும் வரும். துண்டுகளைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுக்கலாம். வாங்கும்போதே பேசி வையுங்கள்.

வேறு வழியே இல்லாமல் மஞ்சள் பசைதான் என்றால் அடுப்பையும் விளக்கையும் அணைத்து, மெயின் சுவிட்சை நிறுத்தி, கதவு ஜன்னல் எல்லாம் திறந்து பகலில் வேலை நடக்கட்டும். கர்ப்பிணியும் பிள்ளைகளும் இரண்டு மூன்று நாள் உறவினர் வீட்டில் இருக்கட்டும். கையில் ஒட்டிய பசையைத் தின்னரால் கழுவாமல், தேங்காய் எண்ணெய் தேய்த்துச் சோப்புப் போடுங்கள்.

கூட்டத்தில் பேசுவதற்கு: நம் குழுவில் யார் வீட்டில் இந்த ஷீட் போட்டிருக்கிறோம், எந்தப் பசை? பக்கத்து ஊர்க் கடையில் தண்ணீர்ப் பசை கிடைக்கிறதா? நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே டின்னாக வாங்கினால் விலை எவ்வளவு குறையும்?