அப்பாவிடம் சொல்வதா, மறைப்பதா?

பயாப்ஸி ரிசல்ட் வந்துவிட்டது. புற்றுநோய். “அப்பாவுக்குத் தெரிய வேண்டாம், தாங்கமாட்டார்” என்கிறார் அண்ணன். அறவியல் கோட்பாடுகள் கைகொடுக்கும் இடம்தான் இது. எதை முதலில் செய்வது என்பது முக்கியம்.

முதலில் விவரம் வேண்டும். நோய் எந்தக் கட்டம், என்ன சிகிச்சை என்று டாக்டரிடம் தெளிவாகக் கேளுங்கள். மறைக்கத்தான் முடியுமா என்றும் பாருங்கள். அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதியதுமே பலருக்கு விஷயம் விளங்கிவிடும். மீதியைக் கீமோ வார்டில் பக்கத்துக் கட்டில்காரர் சொல்லிவிடுவார்.

அடுத்து விளைவு. செயலை அதன் விளைவால் எடைபோடச் சொன்னவர் தத்துவஞானி ஜான் ஸ்டூவர்ட் மில். நம் வீடுகளில் இந்தக் கணக்கை அரைகுறையாகத்தான் போடுகிறோம். அப்பா பயப்படுவார் என்பது மட்டுமே அதில் ஏறுகிறது. நிலப் பத்திரம், பேங்க் நாமினி, வருஷக்கணக்கில் பேசாத தம்பி, பேத்தியின் கல்யாணத் தேதி என்று அவர் முடித்துவைக்க நினைக்கும் காரியங்கள் விடுபட்டுப் போகின்றன. பொய் வெளிப்பட்டாலோ, “இது வலிக்கான மாத்திரைதான்” என்றாலும் நம்பமாட்டார்.

பிறகு இன்னொரு தத்துவஞானி, காண்ட். நண்பனைத் தேடிவரும் கொலைகாரனிடம்கூடப் பொய் கூடாது என்று 1797-இல் எழுதியவர். அவ்வளவு தூரம் என்னால் போக முடியாது. ஆனால் மனிதரை வெறும் கருவியாக நடத்தாதே என்ற அவரது விதியைத் தள்ள முடியவில்லை. மறைப்பது அப்பாவுக்காகவா, அவர் அழுவதைப் பார்க்க நமக்குத் தெம்பில்லாததாலா? வாய்மை அதிகாரத்தில் வள்ளுவரே பொய்க்கு இடம் தருகிறாரே என்பார்கள். தருகிறார், குற்றமற்ற நன்மை விளையுமானால். அந்த நிபந்தனையைத்தான் வசதியாக மறந்துவிடுகிறோம்.

சட்டத்தையும் பார்த்துவிடுங்கள். அவசர நிலை இல்லாதபோது, வயதுவந்த நோயாளிக்காகத் தாய் தந்த சம்மதம் செல்லாது என்று சமீரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கையெழுத்துப் போடவேண்டியவர் அப்பாதான்.

கடைசியாக, பலரும் செய்யாமல் விடுவது: அவரையே கேட்பது. வீட்டில் கூட்டமில்லாத நேரத்தில், “அப்பா, ரிப்போர்ட்ல இருக்கிறதை டாக்டர் உங்ககிட்டயே சொல்லட்டுமா, இல்ல நாங்க பாத்துக்கட்டுமா?” என்று கேளுங்கள். “நீங்களே பாத்துக்குங்க” என்றால் அதுவும் அவர் உரிமை, வற்புறுத்த வேண்டாம். சில நாள் கழித்து மறுபடி கேளுங்கள், மனசு மாறியிருக்கலாம். ஆனால், “எனக்குக் கேன்சரா?” என்று அவரே நேராகக் கேட்டுவிட்டால் பொய் சொல்லாதீர்கள்.