சோமக்கொடி யாது?

ஆற்காட்டிலிருந்து ஆரணிக்குச் செல்லும் நெறியில் உள்ளது திமிரி. அவ்வூர்ப் பக்கம் போன்ற, மழை குறைந்து கற்பாறை மிகுந்த நிலங்களில் புதர்களின்மேற் படர்ந்து வளர்வதொரு கொடி உண்டு. அதற்கு இலையில்லை, எழுதுகோலின் பருமையுள்ள பசிய தண்டுகள் கணுக்கணுவாய்த் தொங்கும், ஒடித்தால் வெண்பால் வடியும், வெண்ணிறச் சிறு மலர்கள் கொத்தாகப் பூக்கும். தமிழில் இதனைக் கொடிக்கள்ளி என்பர்; வடமொழி கற்றோர் சோமலதை என்பர். வேத வேள்விகளிற் பிழியப்பெற்ற சோமம் இதுதானோ என்னும் வினாவை ஈண்டு சிறிது ஆராய்வோம்.

சோம வேள்வி தமிழகத்திற்குப் புதிதன்று. பல்லவ மன்னன் சிவஸ்கந்தவர்மன் அக்கினிஷ்டோமம், வாஜபேயம், அசுவமேதம் ஆகியவற்றைச் செய்தவன் என்று இரகடகல்லிச் செப்பேடு கூறும். இவற்றுள் அக்கினிஷ்டோமமே சோம வேள்விகளுக்கெல்லாம் அடிப்படை. அறுபத்துமூன்று நாயன்மாருள் ஒருவராகிய சோமாசிமாறரின் பெயரிலுள்ள சோமாசி என்பதும் சோமயாஜி என்னும் சொல்லின் திரிபே. அவ்வாறாயின், பிழிவதற்கு ஏதோ ஒரு கொடி இந்நாட்டிற் கிடைத்திருத்தல் வேண்டும் என்பது தெளிவு. ஆயின் அது ஆதியிற் பிழிந்த அதே கொடி என்பது இதனாற் பெறப்படாது.

இனி, நூல்கள் கூறும் அடையாளங்களை நோக்குவோம். இருக்கு வேதத்தின் ஒன்பதாம் மண்டலத்து 114 சூக்தங்களும் சோமத்தைப் பற்றியவையே. அது மலையில் விளைவது. அதன் தண்டுகளைக் கல்லால் நசுக்கிப் பிழிவர். சாற்றை ஆட்டு மயிராலாகிய வடிகட்டியில் வடிப்பர். பாலேனும் தயிரேனும் கலப்பர். சாற்றின் நிறம் பழுப்பும் பொன்மையும் கலந்தது. பருகியோர்க்கு ஊக்கமும் உவகையும் பெருகும். இத்துணையும் கூறிய நூல், வேர் எத்தகையது, பூ எத்தகையது என்று விளங்கக் கூறவில்லை. எல்லோரும் கண்டறிந்த பொருளுக்கு இலக்கணம் வகுப்பார் யார்?

பிற்கால வேள்வி நூல்களிற் பிறிதொரு செய்தி காணப்படும். வேள்வி செய்வோன் சோமத்தைத் தானே பறித்துக்கொள்வதில்லை. விற்பானொருவனிடம் பசுவை விலையாகக் கொடுத்து வாங்குகிறான். விலை பேசுதலும் சடங்கின் ஒரு கூறாகவே அமைந்துள்ளது. சோமம் கிடையாவிடத்துப் பூதிகம் முதலிய மாற்றுப் பொருள்களைக் கொள்ளலாமென்றும் விதித்துள்ளனர். எனவே அக்காலத்திலேயே சோமம் எளிதிற் கிடையாத சரக்காகிவிட்டது என்று கருத இடமுண்டு.

மருத்துவ நூலாகிய சுசுருத சங்கிதை இருபத்துநான்கு வகைச் சோமங்களைக் கூறி, அவற்றிற்கெல்லாம் பதினைந்து இலைகள் உண்டென்கிறது. வளர்பிறையில் நாளுக்கோர் இலை தோன்றும். தேய்பிறையில் நாளுக்கோர் இலை உதிரும். சோமன் என்பது திங்களுக்கும் பெயராதலின் இவ்வருணனை எழுந்தது போலும். கொடிக்கள்ளிக்கோ இலையே இல்லையெனலாம். ஆகவே அது சுசுருதரின் சோமமாதல் இயலாது.

மேனாட்டாரும் பலவாறு கூறினர். எபெட்ரா என்னும் செடியே சோமம் என்பார் பலர். இதுவும் இலையற்ற கணுத்தண்டுடையது, ஆயின் பாலில்லாதது, இமயத்திலும் ஆப்கானிய மலைகளிலும் வளர்வது, தென்னாட்டில் இயல்பாக வளராதது. ஈரானிய யஸ்து நகரத்துச் சொராஸ்திரர் தம் வழிபாட்டில் ஹோமம் எனப் பிழிவது இதனையே. இதனின்று ஜப்பானியராகிய நாகாய் 1885 இல் எபெட்ரின் என்னும் மருந்தைப் பிரித்தெடுத்தார். அது மூச்சிரைப்பைத் தணிப்பது. 1968 இல் வாஸன் என்பார், சோமம் ஒருவகை நச்சுக் காளானே என்றார். இருக்கு வேதப் புலமையுடைய பிரோ 1971 இல் அதனை மறுத்தார். துர்க்மெனிஸ்தானத்துக் கோனூர் அகழ்வில் வெளிப்பட்ட பாண்டங்களில் எபெட்ராவின் எச்சம் உண்டென அறிவித்தனர். 2003 இல் பேக்கெல்ஸ் என்னும் அம்மையார் அங்குள்ள படிவுகளை மீண்டும் சோதித்துப் பனிவரகின் தடயத்தையே கண்டார். முடிவு இன்னும் எய்தப்படவில்லை.

ஆயின் நம் கொடிக்கள்ளியின் நிலை யாது? 1975 ஏப்ரலில் கேரளத்துப் பாஞ்ஞாளில் நம்பூதிரிகள் பன்னிரண்டு நாள் அக்கினிசயனம் நிகழ்த்தினர். அதிற் பிழிந்தது இக்கொடியே. மலையாள நாட்டில் கொல்லங்கோட்டுச் சிற்றரசர் குடியினர் வேள்விக்குச் சோமம் வழங்கும் உரிமையுடையோர் என்பது மரபு. ஆதலின் இதனைப் பொய்ச்சோமம் என்று இகழ்தல் முறையன்று. மூலம் மறைந்தபின் மரபைக் காத்துநின்ற மாற்றுச் சோமம் இது எனக் கொள்வதே பொருந்தும். கள்ளி என்னும் பெயரும் இதற்கு உண்மையில் உரியதன்று. தாவர நூலார் இதனை எருக்கின் குடும்பத்தில் வைப்பர். கள்ளியல்லாதது கள்ளியெனவும் சோமமென்று துணியப்படாதது சோமமெனவும் வழங்குவது காண்க.

இவ்வாராய்ச்சி வெறும் சொற்பூசலன்று. பெயரை நம்பி உண்பதால் உடலுக்குத் தீங்கு நேர்தல் கூடும். எபெட்ராவிலுள்ள மருந்துப்பொருள் கொடிக்கள்ளியிலும் உண்டென்பது, சோமம் என்னும் ஒரே பெயரால் விளைந்த மயக்கமே. இக்கொடியைப் பாசனநீர் செல்லும் தொட்டியிலிட்டுக் கறையானை அழித்த வழக்கமும் நம் நாட்டில் இருந்தது. ஆப்பிரிக்காவில் இதன் இனக்கொடியைத் தின்று ஆடுமாடுகள் நஞ்சுற்றதுண்டு. எபெட்ராவோ அளவு மீறின் குருதியழுத்தத்தை ஏற்றுவது. அது சேர்ந்த உணவுச் சரக்குகளை அமெரிக்க அரசு 2004 இல் தடைசெய்தது. அமிழ்தம் என்னும் புகழ்மொழி சீசாவின்மேல் எழுதப்பட்டமையால் உள்ளிருப்பது அமிழ்தமாகிவிடாது.

வேலூர், ஆம்பூர்ப் பக்கங்களில் முற்காலத்துத் தோல் பதனிட்டோர் ஆவாரம்பட்டையை அதன் பெயருக்காகக் கொள்ளவில்லை. தோலைத் துவர்ப்பித்து உறுதியாக்கும் திறனைத் தொழிலிற் கண்டே கொண்டனர். மாணவர்களும் அந்நெறியைக் கைக்கொள்வாராக. விடுமுறையில் ஊர் செல்வோர் குன்றடியில் இக்கொடியைக் காணின், நாவிலிட்டுச் சுவையாமல், கண்ணுக்கும் கைக்கும் பால் படாமற் காத்து, தண்டும் பூவும் காயும் நோக்கி, கண்ட இடமும் திங்களும் குறித்துவைப்பாராயின், அது பெரிதும் பயன்படும். பழம்பெருமை பேசுதல் எளிது. அப்பெருமையின் பொருளைத் தேடியறிதலே நம் முன்னோர்க்கு நாம் செய்யும் கைம்மாறு.