பாறையைப் படித்தல்

சேலத்துக்குத் தெற்கே விரிந்த சமவெளியில், நாமக்கல் ஊரின் நடுவே, ஒரே கல்லாக இருநூறு அடிக்கு மேல் உயர்ந்து நிற்கிறது ஒரு பாறை. ஊர்ப்பெயரிலேயே அக்கல் இடம்பெற்றுள்ளது. வார விடுமுறையில் வரும் மலையேற்றக் குழுவினர் வெட்டிய படிகள் வழியே விரைவில் இதன் உச்சியை அடைந்துவிடலாம். உயரத்தை மட்டும் விரும்புவோர் கொல்லிமலைக்குச் சென்றுவிடுவர். ஆனால், நின்று நோக்குவோர்க்கு இப்பாறை சொல்வன பல.

இப்பகுதியின் அடித்தளப் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் பழமையானவை. புவியின் ஆழத்தில் கடும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியவை. மேலடுக்குகள் அரிக்கப்பட்டபின் இவை வெளிப்பட்டன. விரிசல் மிகுந்த இடங்களில் நீர் புகுந்தது. அங்குப் பாறை சிதைந்து மண்ணாயிற்று. விரிசல் குறைந்த பகுதிகள் எஞ்சின. ஆகவே, குன்று எழுந்தது என்பதைவிடச் சுற்றியிருந்த நிலம் தாழ்ந்தது என்பதே பொருந்தும்! மேற்சுமை நீங்கிய பாறை, வெங்காயத்தோல் போல அடுக்கடுக்காக உரிவதும் உண்டு. அத்தகைய ஏடுகளின்மேல் கால்வைப்போர் விழிப்புடன் இருத்தல் வேண்டும். மழைநாளில் அவை வழுக்கும். சித்திரை வெயிலில் முற்பகலிலேயே சுடும்.

விரிசல் குறைந்த கல்லே குடைவதற்கு ஏற்றது. 8-ஆம் நூற்றாண்டில் அதியர் மரபினர் இப்பாறையின் மேற்கில் நரசிம்மருக்கும் கிழக்கில் அரங்கநாதருக்கும் குடைவரைகள் அமைத்தனர். கிழக்கில் உள்ளதைக் கல்வெட்டு ‘அதியேந்திர விஷ்ணுகிருகம்’ என்று குறிக்கிறது. உச்சியிலுள்ள கோட்டை பிற்காலத்தது.

நாமக்கல் பாறைக்குத் தொல்லியல் துறையின் பாதுகாப்பு உண்டு. சமவெளியில் சிதறிக் கிடக்கும் சிறு கரடுகள் பலவற்றுக்கு அது இல்லை. வீட்டுக்கும் சாலைக்கும் ஜல்லி தேவை என்பதை மறுக்க இயலாது. எனினும், எந்தக் கரட்டில் சுனை உண்டு, எதில் எழுத்து உண்டு என்பதை அறியாமல் வெடி வைத்துவிட்டால், பின்னர் அறிவதற்கு எதுவும் மிஞ்சாது. அதனை முன்கூட்டியே அறிபவர் யார்? பெரும்பாலும், அங்கு நடந்து சென்றவரே.

மதுரையில் இது நிகழ்ந்தது. நாமக்கல்லைப் போலவே 8-ஆம் நூற்றாண்டின் நரசிம்மர் குடைவரையைக் கொண்டது யானைமலை. 2010-ஆம் ஆண்டளவில் அம்மலையில் சிற்ப நகரம் அமைக்கும் திட்டம் எழுந்தபோது, ஊர்மக்கள் எதிர்த்தனர், திட்டம் கைவிடப்பட்டது. அச்சூழலில் எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் முன்னெடுத்த ‘பசுமை நடை’, விடுமுறைக் காலையில் குழந்தைகளையும் முதியோரையும் குன்றுகளுக்கு அழைத்துச் செல்லத் தொடங்கியது. சமணர் படுக்கைகளின் அருகே அமர்ந்து, கல்வெட்டு அறிஞர் விளக்கிக் கூறக் கேட்டனர் அவர்கள்.

சேலம், நாமக்கல் பகுதியில் இத்தகைய நடைக்குக் களங்கள் குறைவில்லை. இரும்புத்தாது நிறைந்த கஞ்சமலை இருக்கிறது. திருச்செங்கோட்டு மலை இருக்கிறது. தீரன் சின்னமலை 1805-இல் தூக்கிலிடப்பட்ட சங்ககிரிக் கோட்டை இருக்கிறது. இவற்றுக்கிடையே, ஊரார் மட்டுமே பெயர் அறிந்த கரடுகளும் இருக்கின்றன.