உப்பளத்துக் காலும் ‘பெரிய ஊசி’யும்

நம்பிக்கை: உப்புத் தண்ணீரில் நிற்கிற காலில் கிருமி தங்காது.

மரக்காணம் உப்பளங்களில் பாத்தி மிதித்து உப்பு வாருகிறவர்களின் பாதத்தை ஒருமுறை பார்த்தால் போதும், இந்தப் பேச்சு எடுபடாது. தோல் வெளுத்து வெடித்திருக்கும். வெடிப்புக்குள் உப்புக் கல் கீறிய புண். உப்பு பல கிருமிகளை அடக்கும் என்பது சரிதான். ஆனால் புண்ணில் சீழ் வைக்கிற ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் அதற்கு மசியாது. ஆய்வகத்தில் 7.5 சதவீதம் உப்புப் போட்ட ஊடகத்தில்தான் அதைப் பிரித்தே எடுக்கிறார்கள். கடல்நீரில் உப்பு சுமார் 3.5 சதவீதம்.

நம்பிக்கை: புண் முற்றினால் ‘பெரிய ஊசி’ மெரோபெனம் போட்டால் தீர்ந்தது.

மெரோபெனம், இமிபெனம் எல்லாம் கார்பபெனம் வகை. இவை பலவகை பாக்டீரியாக்களைத் தாக்கும், எல்லாவற்றையும் அல்ல. அதே ஸ்டெஃபைலோகாக்கஸ் மெத்திசிலினுக்கு அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. வகையாக இருந்தால் மெரோபெனத்துக்கும் அடங்காது. வான்கோமைசின் மாதிரி வேறு மருந்து வேண்டும். வைரஸ் காய்ச்சலில் மெரோபெனத்துக்கு வேலையே இல்லை. சர்க்கரைக்காரர் காலில் அழுகிய சதையை வெட்டி எடுக்காமல் ஊசியை மட்டும் நம்புவதும் வீண்.

நம்பிக்கை: பில் ஏற்றத்தான் இதைப் போடுகிறார்கள்.

தேவையில்லாமல் போடும் இடங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 2018இல் வெளிவந்த மெரினோ ஆய்வைப் பாருங்கள். செஃப்ட்ரியாக்சோன் மருந்துக்கு அடங்காத ஈ.கோலை, க்ளெப்சியெல்லா கிருமிகள் ரத்தத்தில் கலந்த நோயாளிகளிடம் நடந்த ஆய்வு அது. பிப்பராசிலின்-டாசோபாக்டம் என்ற வேறு மருந்து பெற்றவர்களில் 30 நாளுக்குள் 12.3 சதவீதம் பேர் இறந்தார்கள். மெரோபெனம் பெற்றவர்களில் 3.7 சதவீதம். அந்த நிலையில் இந்த ஊசியை வேண்டாம் என்பது விபரீதம்.

நம்பிக்கை: மருந்துக்கு அடங்காத கிருமியெல்லாம் எங்கோ வெளிநாட்டுக் கதை.

கார்பபெனத்தையே சிதைக்கும் என்.டி.எம்-1 நொதி கொண்ட கிருமிகளைப் பற்றி 2010இல் லான்செட் குழும இதழில் வந்த கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. அதில் சென்னையில் கிடைத்தவை மட்டும் 44. நொதிக்குப் புதுதில்லியின் பெயர் வைத்ததற்காக அன்று எழுந்த ஆத்திரத்தில் பாதியாவது மருந்துக்கடைப் பக்கம் திரும்பியிருக்கலாம். 2014 மார்ச்சிலிருந்து கார்பபெனம்கள் எச்1 பட்டியலில் இருக்கின்றன: டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, நோயாளியின் பெயரைப் பதிவேட்டில் எழுத வேண்டும்.

வீட்டில் யாருக்காவது இந்த ஊசி என்றால், முதல் டோஸுக்கு முன் ரத்தமோ சீழோ கல்ச்சருக்கு எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். எடுக்கச் சில நிமிடம்தான். ரிசல்ட் வந்தபின் சின்ன மருந்துக்கு மாறவும் அதுதான் வழி. வலிப்புக்கு வால்ப்ரோயேட் சாப்பிடுகிறவரானால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கார்பபெனம் ரத்தத்தில் அந்த மருந்தின் அளவை இறக்கிவிடும். அடங்கியிருந்த வலிப்பு திரும்ப வரலாம்.