குதிரைக்குக் குதிகால் வெடித்தால்

கொடைக்கானல் ஏரிக்கரையில் சவாரிக் குதிரை வைத்திருப்பவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை சிரமமான மாதங்கள். சேறும் ஈரமும் விடாமல் படுவதால் குளம்புக்குச் சற்று மேலே, காலின் பின்பக்கக் குழிவில் தோல் ஊறி, வெடித்து, பொருக்குத் தட்டும். வெளிக்குச் சின்னப் புண்தான். குதிரைக்கோ ஒவ்வோர் அடியிலும் அந்த வெடிப்பு விரிந்து வலிக்கும்.

1. தினமும் மாலையில் நான்கு கால்களின் பின்குழிவையும் விரலால் தடவிப் பாருங்கள். முடி கற்றையாக ஒட்டியிருப்பது, சிறு பொருக்கு, சூடு ஆகியவை கண்ணுக்குத் தெரியுமுன் விரலுக்குத் தெரிந்துவிடும். வெள்ளைக் கால் குதிரைகளையும், குளம்பை மூடும் அளவுக்கு முடி அடர்ந்தவற்றையும் கூடுதலாகக் கவனியுங்கள்.

2. சவாரி முடிந்ததும் சேற்றுக் காலைக் குழாய்த் தண்ணீரில் பீய்ச்சிக் கழுவி அப்படியே கட்டிவிடுவதுதான் பாதி நோய்க்குக் காரணம். சேற்றைக் காயவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். கழுவியே ஆகவேண்டுமென்றால், துண்டால் ஒற்றி முழுக்க உலர்த்திய பிறகே லாயத்தில் விடுங்கள்.

3. வெடிப்பு வந்துவிட்டால் முதலில் சுற்றியுள்ள முடியைக் கத்தரியுங்கள்; காற்றுப் படவேண்டும். நேர்பின்னால் நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். வலியில் சாதுவான குதிரையும் உதைக்கும்.

4. காய்ந்த பொருக்கைப் பிய்க்கவே கூடாது. இந்தப் புண்ணில் பெரும்பாலும் குடியிருக்கும் டெர்மடோபிலஸ் என்ற பாக்டீரியா பொருக்குக்கு அடியில்தான் பெருகும். அதனால் பொருக்கு போகத்தான் வேண்டும், ஆனால் ஊறித் தானாகக் கழன்று வரவேண்டும். வெதுவெதுப்பான நீரில் காலை நனைத்து, மருந்துக்கடையில் கிடைக்கும் 4 சதவீதக் குளோர்ஹெக்சிடின் கழுவுநீரை நுரைக்கத் தேய்த்து, 10 நிமிடம் விடுங்கள். இளகியதை மட்டும் எடுத்துவிட்டு, நுரை கொஞ்சமும் தங்காமல் அலசுங்கள். இளகாதது அடுத்த முறை வரும். பொருக்கு போன பிறகும் தினமும் கழுவிக்கொண்டிருந்தால் தோல் வறண்டு மறுபடி வெடிக்கும்.

5. பிறகு உலர்த்துங்கள். மருந்தைவிட முக்கியம் இதுதான். சுத்தமான துண்டால் வெடிப்பின் இடுக்குவரை ஒற்றி எடுங்கள். அந்தத் துண்டை அடுத்த குதிரைக்குப் பயன்படுத்தவேண்டாம். இந்தக் கிருமி மனிதர் தோலிலும் தொற்றும் என்பதால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

6. துத்தநாகக் களிம்பு, வாஸலின் போன்றவை ஈரத்தைத் தடுக்க நல்லவை. ஆனால் காய்ந்த, சுத்தமான தோலில், சேற்றில் இறக்குவதற்கு முன்தான் பூசவேண்டும். நீர் கசியும் புண்மேல் பூசினால் கிருமியை உள்ளே வைத்து மூடியதாகிவிடும்.

7. மண்ணெண்ணெய், வண்டியிலிருந்து வடித்த பழைய ஆயில், தண்ணீர் கலக்காத டெட்டால் எதுவும் வேண்டாம். ஏற்கெனவே வெந்துபோன தோலை இவை இன்னும் வேகவைக்கும்.

8. லாயத்தில் மூத்திரம் தேங்காதபடி தரைக்குச் சாய்வு வேண்டும். நனைந்த வைக்கோலை அன்றன்றே மாற்றுங்கள்.

9. குதிரை ஓயாமல் காலை உதறித் தட்டினால், கால்களை ஒன்றோடொன்று தேய்த்தால், உண்ணி போன்ற மிக நுண்ணிய பூச்சி காரணமாக இருக்கலாம். அதற்கு மருந்து வேறு. வெள்ளைத் தோலில் மட்டும் புண் வந்து, கறுப்புத் தோல் நன்றாக இருந்தால் வெயில் ஒவ்வாமையோ, அதற்குப் பின்னால் ஈரல் கோளாறோ இருக்கக்கூடும். இரண்டையும் மருத்துவரே பார்த்துச் சொல்லவேண்டும்.

10. கால் மேல்நோக்கி வீங்கினால், நொண்டினால், காய்ச்சல் அடித்தால், சீழோ புழுவோ தெரிந்தால் அன்றைக்கே கால்நடை மருத்துவரை அழையுங்கள். குதிரைக்கு டெட்டனஸ் மிக எளிதில் வரும். சிறு வெடிப்பும் அதற்கு வழிவிடலாம். தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டது என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். புண் ஆறும்வரை சவாரிக்கு அனுப்பாதீர்கள். சீசன் வருமானம் போகும் என்பது தெரியும். நொண்டும் குதிரையின் முதுகில் ஆள் ஏற்றுவது தகாது.