மாரடைப்பு நேரத்தில் இதயத் தசைக்கு என்ன உணவு?

மாரடைப்பு என்றால் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுவது. அடைப்புக்குப் பின்னால் உள்ள தசைக்கு ஆக்சிஜன் கிடைக்காமல், நேரம் ஆக ஆக அது சாகிறது. செத்த தசை திரும்ப வளராது. அடைப்பை நீக்கும்வரை அந்தத் தசையைக் காப்பாற்ற வழி உண்டா என்று மருத்துவர்கள் அறுபது வருடங்களாகத் தேடி வருகிறார்கள்.

இதயம் ஓயாமல் உழைக்கும் உறுப்பு. சாதாரண நேரத்தில் அது பெரும்பாலும் கொழுப்பை எரித்தே சக்தி பெறுகிறது. ஆனால் அதே அளவு சக்திக்கு, சர்க்கரையைவிடக் கொழுப்புக்கு ஆக்சிஜன் அதிகம் வேண்டும். மாரடைப்பின்போது ஏற்படும் பதற்றமோ ரத்தத்தில் கொழுப்பு அமிலத்தை மேலும் கூட்டிவிடுகிறது. விறகு ஈரமாக இருக்கும்போது அடுப்பில் காற்றும் குறைந்தால் எப்படி இருக்கும்? அதுபோலத்தான்.

எனவே மெக்சிகோவைச் சேர்ந்த இதய மருத்துவர் சோடி பல்லாரெஸ், 1962ல் குளுக்கோஸ், இன்சுலின், பொட்டாசியம் மூன்றையும் கலந்து நரம்பில் ஏற்றும் முறையை முன்வைத்தார். குளுக்கோஸ் எரிபொருள். இன்சுலின் அதைத் தசைக்குள் செலுத்தி, ரத்தத்தில் கொழுப்பு அமிலத்தைக் குறைக்கும். பொட்டாசியம் இதயத் துடிப்பு தடுமாறாமல் இருக்க உதவும் என்பது எண்ணம்.

யோசனை நல்லதுதான். பலன் என்ன? 2005ல் வெளியான பெரிய ஆய்வில் 20,000க்கும் மேற்பட்ட நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். இந்தியாவும் அதில் பங்கேற்றது. 30 நாள் கழித்துப் பார்த்தபோது, மருந்து பெற்றவர்களிலும் பெறாதவர்களிலும் 100க்குச் சுமார் 10 பேர் இறந்திருந்தார்கள். வித்தியாசமே இல்லை.

பிறகு அமெரிக்காவில், ஆம்புலன்ஸிலேயே இந்த மருந்தைத் தொடங்கிப் பார்த்தார்கள். 2012ல் முடிவு வந்தது. மாரடைப்பு முற்றுவதை அது தடுக்கவில்லை. ஆனால் இதயம் திடீரென நின்றுபோனவர்கள், மருத்துவமனையில் இறந்தவர்கள் இருவரையும் சேர்த்துக் கணக்கிட்டால், 100க்கு 9 பேர் என்றிருந்தது 4 பேராகக் குறைந்திருந்தது. நம்பிக்கை தரும் செய்திதான் என்றாலும், இது இன்றும் வழக்கமான சிகிச்சை ஆகவில்லை.

இதிலிருந்து நம் குடும்பங்களுக்கு உள்ள பாடம் இதுதான். "சர்க்கரை இதயத்துக்குச் சக்தியாம்" என்று கேள்விப்பட்டு, நெஞ்சுவலிக்காரருக்குக் குளுக்கோஸ் தண்ணீர் கொடுக்காதீர்கள். வீட்டிலுள்ள இன்சுலினைப் போடவே போடாதீர்கள், உயிருக்கே ஆபத்து. இன்றைக்கும் தசையைக் காப்பது, அடைப்பைச் சீக்கிரம் நீக்குவதுதான்.

வாப்பாவுக்கு நெஞ்சு இறுக்கம், வியர்வை, இடது கை வலி என்றால், "வாயுதான்" என்று சோடா வாங்க ஓடாதீர்கள். உம்மாவுக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத்திணறலும் களைப்பும் மட்டுமே வரலாம். உட்கார வையுங்கள். நடக்க விடாதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள். எந்த நேரத்தில் ஆரம்பித்தது என்று குறித்து வைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த நேரத்தில்தான் தசை செத்துக்கொண்டிருக்கிறது.