லேஸ் பின்னலும் கிராமப் பெண்களும்

இழை நெருங்கி நின்றால்தான் துணி உறுதி பெறும் என்பது நம் சின்னாளபட்டி நெசவாளர் அறிந்த செய்தி. லேஸில் அது தலைகீழ். இழைகளுக்கிடையே விடப்படும் துளைகளே அங்கு அழகு. தறியில்லை, பாவும் ஊடையும் இல்லை.

பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டு வெனிஸ் நகரிலும் பிளாண்டர்ஸ் பகுதியிலும் இக்கலை செழித்தது. தொடக்கத்தில் ஆளிச்செடி நாரின் நூலும், பின்னர் பருத்தி நூலும் பயன்பட்டன. தமிழ்நாட்டில் இதற்கு வித்திட்டவர், 1819-இல் கணவர் சார்லஸ் மால்ட்டுடன் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் அம்மையார். அவர் தம் விடுதி மாணவியருக்குத் திண்டு லேஸ் கற்பித்தார். இறுக அடைத்த திண்டின்மேல் கோலமிட்ட அட்டையை வைத்து, குண்டூசிகளைக் குத்தி, சிறு கட்டைகளில் சுற்றிய நூல்களை அவ்வூசிகளைச் சுற்றி மாற்றி மாற்றி முறுக்கும் வேலை அது. அவர் மகள் எலைசா, 1844-இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்தபின், இடையன்குடிப் பெண்களுக்கும் இதைக் கற்றுக்கொடுத்தார். திருவிதாங்கூரில் 1855-இல் அடிமைமுறை ஒழியுமுன்பே, லேஸ் கூலியைச் சேர்த்துத் தம் விடுதலையை விலை கொடுத்துப் பெற்ற பெண்கள் உண்டு. கூலி அவர்கள் கைக்கே வந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

ஆந்திரத்து நரசாபுரத்தின் கதை வேறு. அங்குப் பெண்கள் கொக்கி ஊசியால், அதாவது குரோஷா ஊசியால், பின்னுகின்றனர். மேசை விரிப்பு, தலையணை உறை, ஆடையின் ஓரம் எனப் பலவும் கடல் கடந்து சென்றன. ஆனால் மரியா மீஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1982-இல் வெளியிட்ட நூலில், நாள்தோறும் பல மணி நேரம் உழைத்த அப்பெண்கள் தொழிலாளராகவே கருதப்படாமல், "வீட்டில் சும்மா இருப்பவர்" என எண்ணப்பட்டதையும், ஆதாயம் வணிகரிடமே தங்கியதையும் எடுத்துக்காட்டினார். சும்மா இருந்தவர் பின்னிய விரிப்பு எப்படி அயல்நாடு சென்றதோ!

நூற்பாலைகள் மிகுந்த நம் திண்டுக்கல் சமவெளியில் நூலுக்குப் பஞ்சமில்லை. எனினும் நெசவுக்குரிய ஒற்றை இழை இதற்கு உதவாது. பல இழை சேர்த்து முறுக்கிய வழவழப்பான நூலே வேண்டும். ஊசியின் விலையும் அற்பமே. ஆகவே பயிற்சி தொடங்குவது எளிது, விற்பதே கடினம். இயந்திர லேஸ் கடைத்தெருவில் கெஜக் கணக்கில் மலிவாகக் கிடைக்கின்றது.

மகளிர் குழுவுக்குப் பயிற்சி கேட்டுத் தீர்மானம் இயற்றும் ஊராட்சி மன்றத்தார் முதலில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பின்னத் தெரிந்த ஒரு பெண்ணைக் கொண்டு ஒரு கெஜம் ஓரம் பின்னச் செய்து, ஆகும் மணி நேரத்தையும் நூலின் விலையையும் குறித்துக்கொள்க. வணிகர் தரும் விலையில் நூற்செலவைக் கழித்து, மீதியை மணிக்கணக்கால் வகுத்துப் பார்க்க. அது களையெடுப்புக் கூலிக்குக் குறையுமாயின், வாங்குவோரை நேரில் கண்டு விலை பேசி முடிக்கும்வரை அத்தீர்மானத்தை அடுத்த கூட்டத்திற்குத் தள்ளிவைக்கலாம்.